நாற்பது பேர், ஒரு வெங்காயம்

ஓவிய ஆசிரியருக்குக் காய்ச்சல் என்ற செய்தி வந்தபோது உயிரியல் டீச்சர் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு கைப்பேசியை எட்டிப் பார்த்தவளுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. நூற்றிரண்டு டிகிரியாம், இன்றைக்கு அவள் வகுப்புக்கு வர முடியாதாம், அடுத்த புதன்கிழமை கட்டாயம் வந்துவிடுவாராம். ஒரு மனிதர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார், அதைப் படித்துவிட்டு நமக்குச் சந்தோஷமாக இருக்கிறதே என்று அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார், அவசரமே இல்லை, நன்றாக ஓய்வெடுங்கள்' என்று பதில் போட்டாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவசரமே இல்லை என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் முழு மனதோடு எழுதினாள்.

எல்லாம் அந்தப் புதன் கூட்டத்தால் வந்த வினை. தலைமையாசிரியை ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு கட்டுக் காகிதத்தோடு திரும்பி வந்தார். கலை ஆசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் சேர்ந்த கற்றல் குழு என்று அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஆசிரியர் அறையில் அதைப் புதன் கூட்டம் என்று சுருக்கிவிட்டார்கள். புதன்கிழமை மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஓர் அறிவியல் ஆசிரியருக்கு ஒரு கலை ஆசிரியர் என்று ஜோடி. ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் மாணவராக உட்கார வேண்டும். குற்றம் குறை சொல்லக் கூடாது. பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ அதையே தானும் செய்ய வேண்டும். தலைமையாசிரியை கொண்டுவரும் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு மாதத்தில் தானாக ஓய்ந்துபோகும். இதுவும் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கணக்கு சார் பாட்டு வகுப்பில் உட்கார்ந்து தாளம் தப்பித் தப்பித் தட்டியதில் பின்னத்தை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று புதிதாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு அவரைப் பிடிக்கவே முடியவில்லை. வரலாற்று டீச்சர் வேதியியல் கூடத்தில் கையைச் சுட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். புதன் கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. உயிரியல் டீச்சருக்குத்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஓவிய ஆசிரியர். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். எதைப் பார்த்தாலும் தேவைக்கு மேல் இரண்டு நிமிடம் பார்ப்பார். இரண்டாவது கூட்டத்தில் அவளுடைய மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படம் உள்ள பக்கம் அது. நாற்பது நோட்டையும் அந்தப் பக்கத்திலேயே திறந்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர், ஒரு சின்ன சந்தேகம். என் கிளாஸ்ல நடுவுல ஒரு வாளியை வெச்சு வரையச் சொன்னா நாப்பது வாளி வரும். ஒருத்தனுக்குக் கைப்பிடி இந்தப் பக்கம் தெரியும், ஒருத்திக்கு அந்தப் பக்கம். ஒருத்தன் வாளியில நெளிவைக் கூட வரைஞ்சிருப்பான். இங்க நாப்பது பேர், ஒரே வெங்காயம். இது எப்படி?"

வட்டத்தில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆனால் இருபத்தொரு வருட அனுபவம் கைகொடுத்தது. "அறிவியல்னா அப்படித்தான் சார். யார் பார்த்தாலும் ஒண்ணுதான் தெரியும்" என்றாள். வேதியியல் சார் "அப்படிப் போடுங்க" என்று தொடையைத் தட்ட, எல்லோரும் சிரித்தார்கள். ஓவிய ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அதை அவர் நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்காமல் தன் சின்ன நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார். கேலி செய்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. "அப்ப நானும் ஒரு தரம் வந்து பார்த்து வரையறேன் டீச்சர். எனக்கும் அந்த ஒண்ணு தெரியுதான்னு பார்ப்போம்" என்றார்.

அவருக்குத் தெரியாதது இதுதான்: அந்த ஒன்றை உயிரியல் டீச்சரே இதுவரை பார்த்ததில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பதினெட்டு வயதில், கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், நுண்ணோக்கியின் திருகைத் திருப்பிக்கொண்டே போனவள் லென்ஸைக் கொண்டுபோய் ஸ்லைடின் மேல் அழுத்திவிட்டாள். அது எங்கிருந்தோ வரவழைத்த அபூர்வமான ஸ்லைடாம். கறுக்கென்று ஒரு சத்தம். பேராசிரியர் அறுபது பேர் முன்னால் அவள் கையைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கையை வெச்சுக்கிட்டா நீ அறிவியல் படிக்க வந்தே?" என்று கேட்டார். அறுபது பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவள் முறை வந்தபோது கை ஸ்லைடுக்கு ஒரு விரல் உயரத்திலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே திருகு இறங்க மறுத்தது. உண்மையில் மறுத்தது கை. உள்ளே வெள்ளையாக ஒரு வட்டமும், அதற்குக் குறுக்கே ஆடுகிற கறுப்புக் கோடுகளும் மட்டும் தெரிந்தன. "தெரியுதா?" என்று பேராசிரியர் கேட்டார். "தெரியுது சார்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அதன்பிறகு எல்லா வருடமும் தெரியுது சார்தான். பரீட்சையில் ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் வடிவத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவாள். புத்தகத்துப் படங்களை அச்சு பிசகாமல் வரைவாள். நல்ல மார்க்கோடு வெளியே வந்தாள்.

டீச்சர் ஆன பிறகு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. கேள்வி கேட்கிற இடத்தில் இப்போது அவள் இருந்தாள். நுண்ணோக்கியில் ஸ்லைடை வைத்து, திருகை யாரும் தொடக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டு, பிள்ளைகளை வரிசையாக வரச் சொல்வாள். ஒவ்வொருவரும் குனிந்து நிமிர இரண்டு நொடி. "தெரியுதா?" "தெரியுது டீச்சர்." அடுத்த ஆள். பிறகு எல்லோரும் புத்தகத்தைத் திறந்து செங்கல் சுவர் போல ஒழுங்கான கட்டங்களையும், கட்டத்துக்கு நடுவே ஒரு புள்ளியையும் வரைவார்கள். அவள் சிவப்பு மையில் டிக் போடுவாள். பிள்ளைகள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'தெரியுதா டீச்சர்'. அது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் குட்டு உடைந்துவிட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு நின்று ஓடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைச் சோதிப்பதும் அவரே. கல்யாணமான புதிதில், கண்ணில்தான் கோளாறோ என்று அவரிடமே மூன்று தடவை சோதித்துக்கொண்டாள். மூன்று தடவையும் அவர், "கழுகுக் கண்ணு உனக்கு" என்று சர்டிபிகேட் கொடுத்தார். கண்ணில் குறை இருந்தால் ஒரு கண்ணாடியோடு போயிருக்கும். குறை இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

அடுத்த புதன்கிழமையும் கடவுள் கைவிடவில்லை. விளையாட்டுப் போட்டிக்காக மதிய வகுப்புகள் ரத்து. மூன்றாவது புதன்கிழமைக்கு முன்தினம் சாயங்காலம் வரை அவள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஓவிய ஆசிரியர் நல்ல ஆரோக்கியத்தோடு படியேறி வந்து, "நாளைக்கு நிச்சயம் டீச்சர். புது பென்சில் கூட சீவி வெச்சிருக்கேன்" என்றார். போதாக்குறைக்குத் தலைமையாசிரியையும் பின்னால் வந்து உட்காரப் போவதாகச் சொல்லிவிட்டார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இருபத்தொரு வருடக் கனம் இருந்தது.

வீட்டில் கணவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"என்னங்க, உங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் உண்மையைத்தான் சொல்வாங்களா?"

"எதுல?"

"எழுத்து தெரியுதான்னு கேக்கிறப்ப."

அவர் சிரித்தார். "பாதிப் பேர் தெரியாமலே தெரியுதும்பான். வெட்கம். வேற என்ன? ஏதோ பரீட்சையில ஃபெயிலாகுற மாதிரி நினைச்சுப்பான். அப்புறம் ஒரே வாரத்துல கண்ணாடியைத் தூக்கிட்டு வந்து என்னைத் திட்டுவான். அதனாலதான் நான் தெரியுதான்னு கேக்கிறதையே விட்டுட்டேன். என்ன எழுத்து தெரியுதுன்னு கேப்பேன். அப்ப புளுக முடியாதுல்ல?" ஒரு சட்டையை உதறியவர், "ஏன், உனக்குக் கண்ணு மங்குதா?" என்று கேட்டார்.

"இல்ல. சும்மாதான் கேட்டேன்" என்றாள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு அந்த உறையை நான்காவது தடவையாக மடித்தாள். லீவு போட்டுவிடலாமா என்று அன்றைக்கு ஆறு தடவை யோசித்திருப்பாள். ஆனால் எத்தனை புதன்கிழமைக்கு லீவு போடுவது?

மறுநாள் ஆய்வகத்தில் நாற்பது பிள்ளைகளோடு நாற்பத்தோராவது ஆளாக ஓவிய ஆசிரியர் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாணவிகளுக்கு நடுவே அவர் முழங்கால் மேசையில் இடித்தது. தலைமையாசிரியை பின்சுவரோரம் ஒரு நாற்காலியில் இருந்தார். உயிரியல் டீச்சர் வெங்காயத்தை வெட்டி, ஓர் இதழின் உள்தோலை இடுக்கியால் உரித்து, ஸ்லைடில் விரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை வைத்தாள். இவ்வளவும் அவளுக்கு நன்றாகவே வரும். நுண்ணோக்கியின் கீழே ஸ்லைடைச் செருகி, திருகை இறக்கி, வழக்கமான ஒரு விரல் உயரத்தில் நிறுத்தினாள். "வரிசையா வாங்க. திருகை யாரும் தொடக் கூடாது."

"தெரியுதா?" "தெரியுது டீச்சர்." "தெரியுதா?" "தெரியுது டீச்சர்." பதின்மூன்று பேர் போனார்கள். பதினான்காவதாக ஓவிய ஆசிரியர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்தார். நிமிரவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று.

"தெரியுதா சார்?"

"இருங்க டீச்சர்" என்றார். ஒரு கண்ணை உள்ளேயே வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த நோட்டில் பென்சிலை ஓட்ட ஆரம்பித்தார். வரைந்து முடித்ததும் நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். வெள்ளையாக ஒரு வட்டம். மேல் விளிம்பிலிருந்து உள்ளே வளைந்து இறங்குகிற ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், நடுவில் தடித்தும் நுனியில் மெலிந்தும், அவ்வளவு துல்லியமாக.

"எனக்குத் தெரிஞ்சது இதுதான்" என்றார்.

"சார், அது உங்க கண்ணிமை முடி!" என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கத்தினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின்னால் தலைமையாசிரியையும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஓவிய ஆசிரியருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "படிக்கிற காலத்துலயே எனக்கு அறிவியல்ல முட்டைதான்" என்று அவரும் சிரிக்கப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க டீச்சர். எனக்குத்தான் பார்க்கத் தெரியல. நீங்க கிளாஸை நடத்துங்க." சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் படத்தை அழிக்கத் தொடங்கினார்.

தப்பித்தாயிற்று. இதைவிடச் சுலபமாக யாரும் தப்பித்திருக்க முடியாது. அவளும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்து, பரவாயில்லை சார், எல்லாருக்கும் முதல் தடவை அப்படித்தான் என்று சொன்னால் போதும். புதன் கூட்டத்தில் ஒரு வேடிக்கைக் கதையாக இது முடிந்துவிடும். அவள் வாயைத் திறந்தும்விட்டாள். ஆனால் ரப்பர் அந்தக் கறுப்புக் கோடுகளில் ஒன்றைத் தேய்த்தபோது அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்தக் கோடுகளை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வயதிலிருந்து தெரியும். இந்த அறையில் இதுவரை வரைந்த ஆயிரம் படங்களில் உண்மையான படம் அது ஒன்றுதான், அதை வரைந்த மனிதர் அறுபது வயதை எட்டப்போகிற நேரத்தில் காது சிவக்க அழித்துக்கொண்டிருக்கிறார். சரி, அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது கண்ணிமை முடி என்று எப்படித் தெரிந்தது? அவளும் அதையே பார்த்திருந்தால்தானே.

"அழிக்காதீங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"எனக்கும் அதுதான் தெரியுது" என்றாள். குரல் எங்கோ வெளியிலிருந்து வருவது போலிருந்தது. "இருபத்தொரு வருஷமா அதுதான் தெரியுது. அதுக்கு முன்னாடி காலேஜ்லயும் அதுதான். வெங்காயத்தோட செல்லை நான் பார்த்ததே இல்ல."

அவள் பின்சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்து பிள்ளைகள் பக்கமே திரும்பினாள். தெரியுதா என்று கேட்கப்போன நாக்கைக் கணவரின் பேச்சு இழுத்துப் பிடித்தது. "உண்மையைச் சொல்லுங்க. இப்ப பார்த்தீங்களே, யாருக்கு என்ன தெரிஞ்சுது? மார்க்கெல்லாம் கிடையாது."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன், "வெள்ளையா ஒரு வட்டம் டீச்சர்" என்றான். "நிலா மாதிரி" என்றாள் இன்னொருத்தி. "எனக்குக் கறுப்பா ஆடிச்சு." "எனக்கு ஒண்ணுமே தெரியல டீச்சர்." "எனக்கு மூக்கு இடிச்சுது, அதுக்குள்ள அடுத்த ஆள்னுட்டீங்க." இந்தத் தடவை எழுந்த சிரிப்பில் அவளும் சேர்ந்துகொண்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கிவிட்டார்கள். அப்பாடா என்று இருந்தது. வேலை போகட்டும், பெயர் போகட்டும், இனிமேல் 'தெரியுது' என்று சொல்ல வேண்டாம். இது போதும் என்று நினைத்தாள்.

ஓவிய ஆசிரியர் மட்டும் சிரிக்காமல் நுண்ணோக்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், இந்தத் திருகைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா?"

"தொடுங்க" என்றாள்.

பயமறியாத மனிதர். கண்ணை உள்ளே வைத்தபடி பேருந்து ஓட்டுநர் வண்டியைத் திருப்புவது போலத் திருகைச் சுழற்றினார். கறுக்.

காய்ந்த சருகை மிதித்தது போல ஒரு சின்னச் சத்தம். வலது கையை அவளையறியாமல் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இதோ இப்போது இடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. ஓவிய ஆசிரியர்தான் பதறிப்போய் எழுந்து நின்றார். "ஐயோ, உடைஞ்சிடுச்சா டீச்சர்? என்ன பண்ணிட்டேன் நான்?" அவள் குனிந்து பார்த்தாள். லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே வைத்த கண்ணாடி வில்லை இரண்டாகப் பிளந்திருந்தது. அது போன்ற வில்லைகள் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தன. இவ்வளவுதானா? இந்தச் சத்தத்துக்காகவா இத்தனை வருடம்?

"பரவாயில்ல சார்" என்றாள். "உடையுறதுதான். இன்னொண்ணு போட்டுக்கலாம்." பதினெட்டு வயதில் யாராவது தன்னிடம் இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொண்டாள். உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு தோலை உரித்தாள். இந்தத் தடவை கொஞ்சம் அவசரப்பட்டாள். அதனாலோ என்னவோ வில்லை கொஞ்சம் கோணலாகப் படிந்தது.

"சின்ன லென்ஸைத் திருப்பி வைங்க சார். முதல்ல கண்ணை உள்ள வைக்காதீங்க. பக்கத்துலருந்து பார்த்துக்கிட்டே இறக்குங்க." இருபத்தொரு வருடமாக நோட்ஸ் கொடுத்த வாசகங்கள். அவற்றை யாரும் செய்து அவள் பார்த்ததில்லை. அவளே மேசையளவுக்குக் குனிந்து, லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். ஒரு விரல் உயரம் வந்தது. அதைத் தாண்டியது. "இன்னும் இறக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும். இப்ப உள்ள பார்த்துக்கிட்டே மெதுவா மேல ஏத்துங்க."

அவர் ஏற்றினார். சட்டென்று கை நின்றது. "கறுப்பா ஒரு வளையம் வருது டீச்சர். நல்லாத் தடிமனா, யாரோ மையால சுத்திவிட்ட மாதிரி. நடுவுல ஒண்ணுமே இல்ல." குரல் தணிந்தது. "பிள்ளைங்க படத்துல இப்படி எதுவும் இல்லையே. மறுபடியும் தப்புதான் போல."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கறுத்துத் தடித்த விளிம்பு, உள்ளே வெறுமை. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைச் செல் என்று நினைத்து ஏமாறக் கூடாது என்று புத்தகத்தின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். வருடா வருடம் அதை அவள் வாசித்திருக்கிறாள். "சார், அது காற்றுக்குமிழ்! வில்லைக்கு அடியில காத்து மாட்டிக்கிச்சு."

"அப்ப தப்பா?"

"தப்புதான். ஆனா குமிழோட விளிம்பு அவ்வளவு தெளிவாத் தெரியுதுன்னா லென்ஸ் சரியான இடத்துக்கு வந்திடுச்சுன்னு அர்த்தம். கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. நகருங்க, நகருங்க." மரியாதையெல்லாம் மறந்து அவரை ஸ்டூலிலிருந்து கிட்டத்தட்டத் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். கண்ணை வைத்தாள். கறுப்பு வளையம் இருந்தது. விரல் நுனியால் ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

அங்கே இருந்தது. புத்தகத்தில் இருந்தது போல இல்லவே இல்லை. கோடுகள் கோணல்மாணலாக ஓடின. சில அறைகள் நீளம், சில குட்டை, ஒன்று முக்கோணமாக மூலையில் நசுங்கிக் கிடந்தது; கோபத்தில் இருந்த கொத்தனார் கட்டிய சுவர். புள்ளிகள் பழுப்பு மஞ்சளில் இருந்தன. ஒன்றுகூட நடுவில் இல்லை. பேருந்தில் ஜன்னலோர இடம் பிடித்த மாதிரி எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. யார் பார்த்தாலும் ஒன்றுதான் என்று அவரிடம் சொல்லியிருந்தோமே என்று நினைவு வந்தது. அவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள். மூச்சு பட்டு லென்ஸ் மங்கியதும் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

"என்ன தெரியுது டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"வந்து பாரு" என்றாள். "அவசரம் இல்ல. எவ்வளவு நேரம் வேணுமோ பாரு. திருகைத் தொடலாம். புத்தகத்தை மட்டும் மூடி வெச்சிடுங்க."

மணி அடித்தபோது பதினோரு பேர்தான் முடித்திருந்தார்கள். அடுத்த பீரியடுக்கு என்ன செய்வது என்று அவள் முதன்முறையாகப் பின்சுவர்ப் பக்கம் பார்த்தாள். தலைமையாசிரியை முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. "அடுத்தது என்னோட இலக்கண வகுப்புதான்" என்றார். "எடுத்துக்கோங்க. இலக்கணம் எங்கயும் ஓடிடாது." பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஓவிய ஆசிரியர் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் நாற்பத்தொரு நோட்டுகள் மேசையில் பரந்து கிடந்தன. ஒருவன் குமிழை மட்டும் வரைந்திருந்தான். ஒருத்தி அரைச் செல்லோடு நிறுத்திவிட்டு 'இதற்குமேல் மங்கல்' என்று எழுதியிருந்தாள். ஓர் இடத்தில் அயோடின் கறை அப்படியே கறையாகவே வந்திருந்தது. ஓவிய ஆசிரியர் அவற்றையெல்லாம் நடந்து நடந்து பார்த்தார். "இப்பத்தான் டீச்சர் வாளி மாதிரி இருக்கு" என்றார். போகும்போது, பாதி அழிந்த கண்ணிமைப் படத்தை நோட்டிலிருந்து கிழித்து அவளிடம் கொடுத்தார். அதை எங்கே ஒட்டுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் கலைந்து போனார்கள்.

அறையில் தலைமையாசிரியை மட்டும் எழுந்திருக்காமல் இருந்தார். இப்போதுதான் வரப்போகிறது என்று அவள் நினைத்தாள். வரட்டும். விசித்திரமாக, பயம் வரவில்லை. நோட்டுகளை அடுக்கியபடி, "மேடம், நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள்.

"சொல்லியிருக்கணும்தான்" என்றார் அவர். எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். மேசையருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சேலைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "நானும் ஒரு தரம் பார்க்கட்டுமா? பள்ளிக்கூடத்துல பார்த்தது. நாப்பத்தஞ்சு வருஷம் இருக்கும்."

ஸ்லைடை யாரோ அசைத்திருந்தார்கள். லென்ஸும் எங்கோ மேலே ஏறிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய அவள் கையை நீட்டுவதற்குள் தலைமையாசிரியை குனிந்துவிட்டார். குனிந்த வேகத்திலேயே, "ஆகா, தெரியுது, தெரியுது. ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

அந்தக் குரலை உயிரியல் டீச்சருக்கு நன்றாகத் தெரியும். நோட்டுகளைக் கீழே வைத்தாள்.

"என்ன தெரியுது மேடம்?"

தலைமையாசிரியை கண்ணை எடுக்கவில்லை. வெளியே வராந்தாவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் வந்து தேய்ந்து மறைந்தது.

"முடி மாதிரி ஏதோ ஆடுது" என்றார், மெல்ல.

உயிரியல் டீச்சர் ஜன்னலருகே போய், பாதி சாத்தியிருந்த ஜன்னல் கதவை வெளிச்சம் வர முழுக்கத் தள்ளித் திறந்தாள். "திருகு உங்க வலது கைப்பக்கம் இருக்கு மேடம். உடைஞ்சாலும் ஒண்ணுமில்ல, டப்பா நிறைய இருக்கு." தலைமையாசிரியையின் விரல்கள் திருகைத் தேடிப் போய், அதைத் தொடாமல், ஒரு நூல் உயரத்தில் நின்றன. நுண்ணோக்கியின் அடியில் இருந்த கண்ணாடியிலிருந்து தெறித்த சாயங்கால வெயில் அவர் மோவாயில் ஒரு சின்ன வட்டமாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது.